விவாதக் காலக் குறுக்கமும் அரசமைப்பின் முதல் திருத்தமும் (1951)

இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்திற்குச் சென்னை மாநிலமே முதன்மைக் களமாக அமைந்தது. அக்காலத்தில் அதன் ஆட்சித் தலைமையில் இருந்தவர் (1949–1952) திருவில்லிபுத்தூர் வட்டத்து இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. அவரது ஆட்சியில் உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் சென்னை அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1950 மே 26இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கான தடையும், 1951 ஏப்ரல் 9இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையும் செல்லாதனவாயின.

1951 மே 12இல் நேரு அறிமுகப்படுத்திய திருத்த முன்வரைவு, தெரிவுக் குழுவின் ஆய்வுக்குப் பின், ஜூன் 2இல் 228க்கு 20 என்னும் வாக்குகளில் நிறைவேறியது. இடைப்பட்ட காலம் 21 நாள்களே. வயதுவந்தோர் வாக்குரிமைப்படி இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத தற்காலிக நாடாளுமன்றம் இவ்வாறு விரைதல் தகாது என்பது இருதயநாத் குன்சுரு முதலியோரின் வாதம்.

கல்வியில் இடஒதுக்கீட்டைக் காக்கும் 15(4) உடனடித் தேவையாயிருந்தது. ஆனால், பேச்சுரிமையை வரையறுக்கும் 19(2)இன் மாற்றமும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களைக் காக்கும் 31ஏ, 31பி ஆகியனவும் அதே முன்வரைவில், அதே காலவரம்புக்குள் அடங்கின. ஒரு கூறின் அவசரம் பிறவற்றின் விவாதத்தையும் சுருக்கிற்று. எனவே, 15(4)இன் பயனைக் காட்டி அவ்விரைவு முழுவதையும் ஏற்பதும், விரைவைக் காட்டி 15(4)ஐப் பழிப்பதும் பொருந்தா. விவாதக் காலத்தின் போதுமையைக் கூறுதோறும் தனித்தனியே மதிப்பிடுவதே வரலாற்றாய்வுக்கு உகந்த நெறியாகும்.