நாட்கூலியும் அதன் பிணைப்புகளும்: மலையகத் தோட்டங்களில் குறைந்தபட்சச் சம்பளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், தொழில் அதனைத் தாங்குமா என்ற வினா எதிரே வைக்கப்படுகின்றது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதாகின்றது. வினா பழையதாயினும் அது கேட்கப்படும் முறை மாறவில்லை. நாளொன்றுக்கு எத்தனை சதம், எத்தனை ரூபா என்ற தொகையைச் சுற்றியே விவாதம் நடைபெற்று வந்துள்ளது. ஆனால், தொகையிலும் பார்க்க, அத்தொகை எதனோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதே தொழிலாளரின் வாழ்வைத் தீர்மானித்தது என்பது எமது கருத்தாகும்.

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதிசெய்தது. இது துரைமாரின் தாராள மனத்தால் விளைந்ததன்று. 1922 இன் இந்தியக் குடியகல்வுச் சட்டம் தொழிலாளர் வெளிச்செல்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை இந்திய அரசாங்கத்துக்கு அளித்திருந்தது. ஆள்வரவு தடைப்படுமாயின் கொழுந்து பறிக்க ஆளில்லை. இந்த அச்சமே இலங்கை அரசாங்கத்தையும் தோட்ட உரிமையாளரையும் இணங்கச் செய்தது. 1929 இல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, அவர்களது உழைப்பைக் குறைவாக மதிப்பிடும் வழக்கத்தையும் அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆண் பெண் சம்பளச் சமத்துவம் 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனினும் அவ்வேற்பாட்டில் ஓர் அம்சம் கவனத்துக்குரியது. கூலியோடு, நிர்ணயித்த விலையில் அரிசி வழங்குவதும் சேர்க்கப்பட்டிருந்தது. வாழ்க்கைச் செலவைக் கணித்து அதன்மீதே கூலி கட்டப்பட்டது. கணிப்பு மிகக் கஞ்சத்தனமானதாயினும், கூலிக்கு அளவுகோல் தொழிலாளியின் அடுப்படியிலேயே இருந்தது எனலாம்.

இப்பிணைப்பின் வலுவை உலகப் பெருமந்தம் சோதித்தது. தேயிலை விலை வீழ்ந்ததும், சம்பளத்தைக் குறைத்தாலன்றித் தோட்டங்கள் மூடப்படும் என்ற வாதம் எழுந்தது. 1931 முதல் 1933 வரை குறைந்தபட்ச வீதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. அரிசி விலை வீழ்ச்சியும் நியாயமாகக் காட்டப்பட்டது. 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் இக்குறைப்பை எதிர்த்தார். பின்னர் விலையைத் தாங்கிப் பிடித்ததில் 1933 இன் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கைக்குப் பெரும் பங்குண்டு. உற்பத்தி நாடுகள் கூடி ஏற்றுமதியை மட்டுப்படுத்தியமையே அதன் சாரம். தொழிலாளி தன் சோற்றைக் குறைத்தால் தொழில் பிழைக்கும் என்று கூறியோர், சந்தையைக் கட்டுப்படுத்திப் பிழைக்கும் வழியையும் அறிந்திருந்தனர்.

1939 இல் இந்தியா தொழிலாளர் குடியகல்வைத் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் மூண்டது. 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அடுத்த ஆண்டு வந்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழில் வழங்குநர், தொழிலாளர், நியமன உறுப்பினர் ஆகிய முத்தரப்பினரும் கூடிச் சம்பளத்தை நிர்ணயிக்கும் முறையை நிறுவியது. அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவைத் தழுவிய படியும் சேர்ந்தது. அரிசியோடிருந்த பிணைப்பு இப்போது விலைவாசிச் சுட்டெண்ணோடு ஏற்பட்டது.

இப்பிணைப்பு தளர்ந்ததன் வரலாறு 1992 இன் பின்னரே தெளிவாகத் தெரிகின்றது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் அவ்வாண்டில் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. சம்பளம், கம்பனிகளும் பெரிய தொழிற்சங்கங்களும் செய்துகொள்ளும் கூட்டொப்பந்தத்தின் பொருளாயிற்று. காலந்தோறும் பேசித் தீர்க்கப்பட்ட அச்சம்பளத்தில் வரவுக் கொடுப்பனவு, உற்பத்தித்திறன் கொடுப்பனவு, தேயிலை விலைப் பங்கு என்பன சேர்க்கப்பட்டன. 2019 ஜனவரி ஒப்பந்தம் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தையும் 50 ரூபா விலைப் பங்கையும் வழங்கியது. இங்கு நிகழ்ந்த மாற்றம் நுண்ணியது. முன்னர் அரிசியின் விலையை நோக்கியிருந்த கூலி, இப்போது ஓரளவுக்கேனும் தேயிலையின் விலையை நோக்கித் திருப்பப்பட்டது. வாங்கும் பொருளின் விலையிலிருந்து விற்கும் பொருளின் விலைக்கு அளவுகோல் இடம்பெயர்ந்தது.

ஆயிரம் ரூபா கோரிக்கை கூட்டொப்பந்தத்தால் நிறைவேறாத நிலையில், 2021 மார்ச்சில் சம்பளச் சபை அதனை வர்த்தமானி மூலம் விதித்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. அப்போது ஆயிரம் ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ 5 டொலர். 2022 இன் நடுப்பகுதியில் அது 3 டொலருக்கும் குறைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஆண்டுக்கு 70 வீதமளவு உயர்ந்தது. நாட்கூலியோ ஆயிரத்திலேயே நின்றது. உர இறக்குமதித் தடையால் விளைச்சல் சரிந்தமையும் உள்ளீட்டுச் செலவுகள் ஏறியமையும் மெய்யே. ஆயினும் ரூபாவின் வீழ்ச்சியோடு கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2022 இல் முந்திய ஆண்டினதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சட்டம் விதித்த உயர்வைத் தொழில் தாங்குமா என்று வாதிட்டோர், பணவீக்கம் விதித்த சம்பளக் குறைப்பைத் தொழிலாளி தாங்குவாளா என்று கேட்கவில்லை.

கம்பனிகளின் வாதத்தை நாம் புறக்கணிக்க இயலாது. உற்பத்திச் செலவின் பெரும்பகுதி கூலியே. உலகச் சந்தையில் விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் தோட்டத்துக்கு இல்லை. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை இன்று சிற்றுடைமையாளரே தருகின்றனர். சம்பளம் ஏறினால் வேலை குறையும் என்ற எச்சரிக்கையும் வெறுங் கற்பனையன்று. ஆயினும் கால வரிசையை நோக்குதல் வேண்டும். 1992 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை, பிற்காலத்தில் அதன் அரைவாசிக்கும் கீழே இறங்கியது. இச்சரிவின் பெரும்பகுதி, கூட்டொப்பந்தத்தின் கீழ்ச் சம்பளம் தாழ்ந்திருந்த காலத்திலேயே நிகழ்ந்தது. இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றனர். சம்பள உயர்வு தொழிலாளரைத் துரத்தியது என்பதினும், சம்பளத் தாழ்வு அவர்களை வெளியேற்றியது என்பதே பொருந்தும்.

2024 இலும் இதே நாடகம் அரங்கேறியது. ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாவோடு விடயம் அமைந்தது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டமோ, கம்பனிகள் 200 ரூபாவை உயர்த்த, வரவு ஊக்குவிப்பாக மேலும் 200 ரூபாவை அரசு வழங்கி, நாட்கூலியை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. தனியார் தொழிலின் கூலியில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் சுமப்பது புதிய கட்டமாகும். கூலி இப்போது வரவு செலவுத் திட்டத்தோடும் பிணைக்கப்படுகின்றது.

இன்னுமொரு பிணைப்பு எஞ்சுகின்றது. அது வேலையின் அளவு. சட்டம் 'ஒரு நாளுக்கு' என்கின்றது. நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதைத் தோட்ட நிருவாகம் வகுக்கின்றது. அளவு நிறையாவிடில் செக்ரோலில் அரைப்பேர் மட்டுமே விழும். 2021 இன் உயர்வுக்குப் பின்னர் தோட்டங்கள் பலவற்றில் கிலோ கூட்டப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன என்ற முறைப்பாடுகள் எழுந்தன. வர்த்தமானியில் ஏறிய கூலி தராசில் இறங்குவது இவ்வாறே.

ஆகவே, தொழில் தாங்குமா என்ற வினாவைத் தனித்து ஏற்பதற்கில்லை. அரிசி விலை ஏறினால் கூலியும் ஏறுமா, நாளுக்குரிய கிலோவைத் தீர்மானிப்பதில் கொழுந்தெடுப்பவளுக்கு இடமுண்டா, மாதத்தில் எத்தனை நாள் வேலை உறுதி என்ற மூன்று வினாக்களும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். இவற்றுக்கு விடை காணாத சம்பள உயர்வு எதுவாயினும், அடுத்த விலையேற்றம் வரைக்குமான தவணையாகவே முடியும்.