அமெரிக்க கல்லூரியில் ஒரு பாடத்தை பாதியில் விடலாமா? 'டபிள்யூ' கிரேடும் விசா சிக்கலும்... முழு விவரம்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் மாணவர்கள் பலருக்கு மிட்-டெர்ம் மார்க் வந்ததும் எழும் கேள்வி இது: "இந்தப் பாடம் தேறாது போலிருக்கே, வித்ட்ரா பண்ணிடலாமா?" மார்க்கை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். ஆனால் எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் விசாவையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிராப், வித்ட்ரா: என்ன வித்தியாசம்?

செமஸ்டர் தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் பாடத்தை விட்டால் அது 'டிராப்'. மார்க் பட்டியலில் பெயரே வராது. அந்தக் கெடு தாண்டிய பிறகு விட்டால் 'வித்ட்ரா'. பட்டியலில் 'டபிள்யூ' என்று பதிவாகும். ஜிபிஏ கணக்கில் சேராது. ஆனால் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதே பாடத்தை மறுபடி எடுத்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

ஜிபிஏ கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு மாணவர் தலா 3 கிரெடிட் கொண்ட 3 பாடங்கள் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஏ, இன்னொன்றில் பி. மூன்றாவது பாடம்தான் பிரச்சினை.

* ஃபெயில் ஆனால் ஜிபிஏ 2.33
* சி வாங்கினால் 3.0
* வித்ட்ரா செய்தால் 3.5

முதுநிலையில் பல பல்கலைக்கழகங்கள் 3.0 கேட்கின்றன. அதற்குக் கீழே போனால் 'புரொபேஷன்' எனும் எச்சரிக்கைப் பட்டியலில் வைப்பார்கள். ஆக, கேள்வி 'மிட்-டெர்மில் எவ்வளவு போச்சு' என்பதல்ல, 'இனி சி வாங்க முடியுமா' என்பதுதான்.

அதை எப்படி தெரிந்துகொள்வது?

பாடத்திட்டத் தாளை எடுங்கள். இதுவரை 40 சதவீதம் முடிந்து, அதில் சராசரி 45 என்றால், கையில் இருப்பது 18 மார்க். சி-க்கு 70 தேவை என்றால் மீதி 60-ல் 52 எடுக்க வேண்டும். அதாவது சுமார் 87 சதவீதம். கஷ்டம்தான். ஆனால் சில பேராசிரியர்கள் வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு போடுவார்கள். அதனால் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

விசாவுக்கு என்ன சிக்கல்?

எஃப்-1 மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரமாகப் படிக்க வேண்டும். இளநிலைக்கு 12 கிரெடிட், முதுநிலைக்கு பெரும்பாலும் 9. மேலே சொன்ன மாணவர் ஒரு பாடத்தை விட்டால் 6 ஆகிவிடும். முன் அனுமதி இல்லாமல் குறைந்தால் 'செவிஸ்' பதிவு ரத்தாகி, விசா தகுதியே போகலாம்.

அனுமதி தருபவர் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. மார்க் குறைவு என்பது மட்டும் காரணமாகாது. ஏற்கப்படும் முக்கிய காரணங்கள்:

* ஆரம்பத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ சிரமம்
* அமெரிக்க கற்பித்தல் முறை பழகாதது
* தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்தது
* மருத்துவக் காரணம் (மருத்துவர் அல்லது உளவியல் நிபுணரின் கடிதம் அவசியம்)

முதல் மூன்று காரணங்களுக்கு ஒரு படிப்பு நிலையில் ஒரு முறைதான் சலுகை. அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரே முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா?

பெரும்பகுதி வேலையை முடித்த பின் உடல்நிலை கெட்டால் 'இன்கம்ப்ளீட்' கேட்கலாம். சில கல்லூரிகளில் பாடத்தை மறுபடி படித்தால் பழைய கிரேடுக்குப் பதில் புதியது கணக்காகும். உதவித்தொகையோ அசிஸ்டென்ட்ஷிப்போ வாங்குபவர்கள் அதன் நிபந்தனையையும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று...

ஒரே ஒரு டபிள்யூ இருப்பதால் எதிர்காலம் போய்விடாது. செமஸ்டருக்கு ஒன்று என்று வந்தால்தான் கேள்வி வரும். 'கட்டின பணம் வீணாச்சே' என்று வீட்டில் வருத்தப்படலாம். ஆனால் விசா தகுதி போனால் இழப்பு அதைவிடப் பல மடங்கு. அதனால் வரிசை இதுதான்: முதலில் கணக்கு, அடுத்து பேராசிரியர், பிறகு டி.எஸ்.ஓ.வின் அனுமதி. போர்ட்டலில் வித்ட்ரா பட்டனை அழுத்துவது கடைசியில்தான்.