நெல்சன் பிரித்துக் காட்டிய சளி

முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, மூச்சு கரகரக்கும் கோழிக்கு என்ன நோய் என்று கேட்டால், நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் ‘ரூப்’ என்றே சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயருக்குள் கிருமித் தொற்றுகளும் இருந்தன. வைட்டமின் ஏ குறைவால் வரும் கோளாறும் இருந்தது. எது எதோடு கலந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்திருக்க வேண்டுமே!

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்த நோய், இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலையூரின் பெயரைப் பெற்றது. நம்மவர்களுக்கு அது வெள்ளைக் கழிச்சல். 1931இல் வடக்கு டகோட்டாவில் ஷால்க், ஹான் இருவரும் குஞ்சுகளில் தொற்று மூச்சுக்குழாய் அழற்சியை விவரித்தார்கள்.

மூக்குச் சளியின் முடிச்சை அவிழ்த்தவர் ஜே. பி. நெல்சன். 1930களில் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்தது பொறுமையான வேலை. நோயுற்ற கோழியின் சளியை எடுத்து நல்ல கோழியின் மூக்கில் விடுவார். எப்போது ஒழுகத் தொடங்குகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று கவனிப்பார். சிலவற்றுக்கு ஓரிரு நாளில் சளி பிடித்தது, சீக்கிரமே தெளிந்தது. அதற்குக் காரணம் ஹீமோஃபிலஸ் பாக்டீரியா. வேறு சிலவற்றுக்கு மெதுவாகத் தொடங்கி வாரக்கணக்கில் இழுத்தது. அதில் வழக்கமான ஊடகத்தில் வளராத நுண்ணிய உருக்கள் தெரிந்தன. மூன்றாவது வகையோ சட்டென்று தொடங்கியது, விடவும் மறுத்தது. இரண்டு கிருமிகளும் ஒரே மூக்கில் குடியிருந்தன! கலப்புத் தொற்றை நாட்காட்டியை வைத்தே இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியது பெரிய சாதனை.

அந்த உருக்கள்தான் பின்னாளில் மைக்கோபிளாஸ்மா என்று அறியப்பட்டன. 1943இல் டெலாப்ளேன், ஸ்டூவர்ட் ஆகியோர் மைக்கோபிளாஸ்மாவால் வரும் நாள்பட்ட சுவாச நோயின் கிருமியைக் கரு வளரும் கோழிமுட்டையில் பெருக்கினார்கள். பிறகு கண்ணாடித் தட்டில் சாயமேற்றிய கிருமித் துளியோடு ரத்த நீரின் துளியைக் கலந்து, திரிதிரியாகத் திரள்கிறதா என்று ஓரிரு நிமிடத்தில் பார்க்கும் சோதனை வந்தது. மைக்கோபிளாஸ்மா தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால், தாய்க்கோழிப் பண்ணைகளுக்கு அந்தத் தட்டு பெரிய துணை.

கலந்தால் என்ன ஆகும் என்பதை 1962இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃபேப்ரிகன்ட், லெவின் இருவரும் சோதித்துக் காட்டினார்கள். மைக்கோபிளாஸ்மாவோடு சுவாச வைரஸும் ஈகோலை பாக்டீரியாவும் சேர்ந்தபோது காற்றுப்பை நோய் முழு வீச்சில் வெளிப்பட்டது. கண்ணாடிபோல் மெல்லிய காற்றுப்பைச் சவ்வு மங்கித் தடித்து, பாலாடைக்கட்டி போன்ற சீழைச் சுமந்தது.

முட்டைக்கோழியில் சிக்கல் இன்னும் கூடுதல். முட்டை குறைவது இந்த நோய்களில் பலவற்றுக்கும் பொது. ஓடு சுருங்கி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் மூச்சுக்குழாய் அழற்சியின் மேல் சந்தேகம் விழும். ஆனால் அது மட்டுமே சாட்சியாகிவிடாது. ரத்தத்தைச் சோதிக்கலாம் என்றால், தடுப்பூசி போட்ட கோழியில் எதிர்ப்பொருள் எப்படியும் இருக்கும். அதனால்தான் நோய் தொடங்கியதும் ஒரு முறை, சில வாரம் கழித்து மறுமுறை என ரத்தம் எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடும் வழக்கம் வந்தது.

பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை வந்தபின் தொண்டையில் துடைத்தெடுத்த ஒரே மாதிரியில் பல கிருமிகளைத் தேட முடிகிறது. தடுப்பூசி வைரஸும் அதில் சிக்கும். அது தடுப்பூசியா, வெளியிலிருந்து வந்த வைரஸா என்று அறிய மூச்சுக்குழாய் அழற்சி வைரஸின் எஸ்1 மரபணு வரிசையைப் படிக்கிறார்கள். இறந்த கோழியின் காற்றுப்பையைத் திறந்து பார்ப்பதையும் விடவில்லை.