நெல் அளந்து வாங்கிய படை

தஞ்சைக் கோட்டையின் கீழவாசலில் உள்ள பீரங்கி மேட்டில் இராசகோபாலப் பீரங்கி இன்றும் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 26 அடி. வார்ப்பில் ஊற்றியது அன்று. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, காய்ச்சிய வளையங்களை மேலே ஏற்றி இறுக அடித்துச் செய்தது. இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். அந்த இரகுநாதர்தாம் 1620-இல் டேனியருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் தந்தவர். யாழ்ப்பாணத்து மன்னனுக்குத் துணையாகப் போர்த்துக்கீசியர்மேல் படை அனுப்பியவர். கடல் கடந்து படை அனுப்பிய தஞ்சை, பதினெட்டாம் நூற்றாண்டில் தன் கோட்டைக்குள்ளேயே அயலார் படையை வைத்துச் சோறிடும் நிலைக்கு வந்தது. அந்த வீழ்ச்சியின் கணக்கு பெரும்பாலும் நெல்லில் எழுதப்பட்டது.

தொடக்கம் 1749. அரியணை இழந்த சாகுஜி, கடலூரையடுத்த செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயரிடம் உதவி வேண்டினார். கைம்மாறாகக் கொள்ளிட முகத்திலுள்ள தேவிகோட்டையைத் தருவதாகச் சொன்னார். முதற் படையெடுப்புத் தோற்றது. இரண்டாவதில் மேஜர் லாரன்சு கோட்டையைப் பிடித்தார். அதில் உயிர் தப்பிய இளைஞர்களுள் இராபர்ட் கிளைவும் ஒருவர். கோட்டை கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் சாகுஜியை மறந்தனர்; அரியணையில் இருந்த பிரதாபசிங்குடனேயே சமாதானம் செய்து, தேவிகோட்டையைத் தமதாக்கிக்கொண்டனர். சாகுஜிக்கு ஓர் உதவித்தொகை மட்டும் கிடைத்தது. நட்பின் இலக்கணம் அன்றே வெளிப்பட்டது. தஞ்சை அதைப் படிக்கத் தவறியது.

தவறியது என்று சொல்வதும் முழு நீதி ஆகாது. அதே ஆண்டின் இறுதியில் சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட்டு 70 இலட்சம் ரூபாய் கேட்டனர். பிரதாபசிங் பேரம் பேசியே நாளைக் கடத்தினார். நாசிர்சங் வரும் செய்தி கேட்டு எதிரிகள் விலகினர். இரு வல்லரசுகளுக்கிடையே ஒரு சிற்றரசு வேறென்ன செய்ய இயலும்? 1752-இல் தஞ்சைத் தளபதி மானோஜி குதிரைப் படையோடு திருச்சிக்குச் சென்று ஆங்கிலேயருக்குத் துணை நின்றார். தம்மிடம் சரணடைந்த சந்தாசாகிபை அவர் கொல்லச் செய்தது தஞ்சை வரலாற்றின் அழியாக் கறை.

1749-இல் எழுதி வாங்கிய பத்திரத்தின் பாக்கியைக் கேட்டு 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். வழியில் நாகூரைக் கொள்ளையிட்டார். கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார். அந்தணர் அறுவரை ஒற்றர் எனக் கருதிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். ஆகஸ்டு மாதத்தில் வெடிமருந்து தீரும் நிலை வந்தது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டன. லாலி முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார்.

அடுத்த பகை ஆர்க்காட்டு நவாபு. 1762 உடன்படிக்கைப்படி தஞ்சை அவருக்குப் பழைய பாக்கி 22 இலட்சமும் ஆண்டுதோறும் 4 இலட்சமும் செலுத்த வேண்டும். பிணை நின்றவர் ஆங்கிலேயர். பிரதாபசிங்குக்குப்பின் வந்த துளஜாவின் காலத்தில், காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கும் கரையைப் பழுதுபார்க்க நவாபு மறுத்தார். கரை அவர் எல்லையில் இருந்தது. வயல் தஞ்சையில் இருந்தது. சென்னை ஆட்சிக்குழு தலையிட்ட பின்னரே மண்வெட்டி எழுந்தது. தண்ணீருக்கே இத்தனை கெஞ்சல் வேண்டிய நாட்டில் கப்பம் நிலுவை விழுந்ததில் வியப்பில்லை. 1771-இல் ஒரு முற்றுகை. 1773 செப்டம்பரில் மற்றொன்று. பிணை நின்ற ஆங்கிலேயரே படைத்தலைமை ஏற்று வந்து தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தனர். துளஜா சிறைப்பட்டார்.

இலண்டனிலிருந்து வந்த ஆணைப்படி 1776-இல் ஆளுநர் பிகட் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அப்போது பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர், நவாபுக்குக் கொடுத்த கடனுக்குத் தஞ்சை வருவாயும், குடிகளுக்குக் கொடுத்த கடனுக்கு வயலில் நிற்கும் பயிரும் தமக்கு ஈடு என்றார். அறுவடையாகாத நெல் கடன்சீட்டில் ஏறியிருந்தது. அந்தப் பூசல் முற்றி, பிகட்டைச் சொந்தக் குழுவினரே சிறைப்படுத்தினர். காவலிலேயே அவர் இறந்தார். துளஜாவின் கோட்டைக்குள் ஆங்கிலப் படை நிலைத்தது. அதன் செலவு ஆண்டுக்கு 4 இலட்சம் வராகன்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய காவல் 1781-இல் காக்கவில்லை. ஐதர் அலியின் படை அணைகளை உடைத்தது; ஊர்களை எரித்தது; மக்களையும் பிள்ளைகளையும் மைசூருக்குக் கொண்டுபோனது. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த அன்னகுடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு வளைத்துச் சிறைப்பிடித்தார். கோட்டைக்குள் பஞ்சம். பணம் கிடைக்கும் என்று நம்பாத உழவர் நெல் கொண்டுவர மறுத்தனர். அரசரின் சொல்லையும் கும்பினியின் சொல்லையும் ஏற்காத அவர்கள், பாதிரியார் சுவார்ட்சு விலைக்குத் தாமே பொறுப்பு என்றதும் மாடுகளை ஓட்டிவந்தனர். ஒப்பந்தங்களையெல்லாம் விட அந்த ஒரு மனிதரின் வாய்ச்சொல் அன்று பெருமதி பெற்றது.

பின்னர் நடந்தது விரைவில் சொல்லி முடியும். 1787 உடன்படிக்கையில் அமைதிக்காலத்தில் வருவாயில் ஐந்தில் இரு பங்கும், போர்க்காலத்தில் நான்கு பங்கும் படைச் செலவுக்கு என்றாயிற்று. 1799 அக்டோபரில் சரபோஜி ஆட்சியையே எழுதிக்கொடுத்தார். அவருக்கு ஒரு இலட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. சரசுவதி மகாலை வளர்த்து அவர் செய்த தொண்டைத் தமிழுலகம் அறியும். வாள் பறிபோன கை ஏடுகளைப் பற்றிக்கொண்டது.

சேதுபாவாசத்திரம் கடற்கரையில் சரபோஜி எழுப்பிய மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-இல் கட்டத் தொடங்கியது. அதன் கல்வெட்டு, கோட்டைக்கு வெளியே ஆட்சியில்லாத அம்மன்னரை ஆங்கில அரசின் நண்பர் என்றும் கூட்டாளி என்றும் குறிக்கிறது.