சுவீடனின் விளக்குகள் திசை மாறிய நாள்

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய காலத்தில், எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சத்தைத் திட்டாத நாளில்லை. ஒருநாள் எதிரே வந்த சாரதிகள் எல்லோரும் எங்கள் வாகனத்தைப் பார்த்து விளக்கை அணைத்து எரித்தபோதுதான், குற்றவாளி நாங்களே என்பது புரிந்தது. மறுநாள் கராச்சில் வாகனத்தைச் சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் குறித்து, திருகாணியை மெல்லத் திருப்பினார்கள். பத்து மீற்றர் தூரத்தில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுமார் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து விழவேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரை மணித்தியால வேலை.

ஆனால், திருகாணியால் தீர்க்க முடியாத விளக்குப் பிரச்சினையை ஒரு நாடு முழுவதுமே எதிர்கொண்டதுண்டு.

சுவீடனில் 1734 முதல் எம்மைப் போலவே வீதியின் இடப்புறமாகச் சென்றனர். அயல்நாடுகளிலோ வலப்புறம். 1955இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் 1963இல் பாராளுமன்றம் மாற்றத்துக்கே முடிவெடுத்தது. மக்களிடம் கேட்டுவிட்டு எட்டே வருடங்களில் அதைப் புறந்தள்ளியது அழகல்ல என்பது எனது அபிப்பிராயம். எனினும், மேலும் தாமதிக்காமைக்கு அரசிடம் இருந்த காரணங்களுள் ஒன்று கவனத்துக்குரியது. அதுதான் முகப்பு விளக்கு.

தாழ்த்திய வெளிச்சம் இருபுறமும் ஒரே அளவில் விழுவதில்லை. இடப்புறம் ஓடும் நாடுகளில் அது இடது ஓரத்தில் சற்று உயர்ந்து பாதசாரிகளைக் காட்டும். வலது பக்கம் தாழ்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் காக்கும். பக்கம் மாறினால் எதிரே வருபவரின் கண் கூசும், வீதியோரம் இருளும். இந்த வடிவம் விளக்கின் கண்ணாடியிலேயே அமைந்திருந்ததால் விளக்கையே மாற்றவேண்டும். அப்போது பெரும்பாலான கார்களில் ஒரே அளவான, மலிவான வட்ட விளக்குகளே இருந்தன. ஒவ்வொரு கார் வகைக்கும் தனித்தனி வடிவில் விளக்கு செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியிருந்தது. தாமதித்தால் செலவு பன்மடங்காகும்.

புதிய விளக்குகளை முன்கூட்டியே பொருத்தியவர்களுக்கு, வலப்புறம் உயரும் ஒளியை மறைக்கும் ஒட்டுத்தாள் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. குறித்த நாளுக்கு முன் அகற்றக்கூடாது என்று அதில் எச்சரிக்கை வேறு. 1967 செப்ரெம்பர் 3, ஞாயிறு அதிகாலை 4.50க்கு வீதியிலிருந்த வாகனங்கள் நின்று, மெதுவாக மறுபக்கம் மாறி, 5 மணிக்குப் புறப்பட்டன. அப்போது போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர், பின்னர் பிரதமராகி 1986இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஒலோப் பால்மே.

லண்டனிலிருந்து காரில் பாரிஸ் லாச்சப்பலுக்குச் செல்லும் எம்மவர் பலரும் இன்றும் புறப்படுமுன் விளக்கில் இத்தகைய ஒட்டுத்தாளை ஒட்டுகின்றனர். ஊர் திரும்பியதும் அதை உரித்தெடுக்க மறந்துவிடுவதாக உறவினர் ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.