இரும்பை அருகே கல்லான மரங்களும் கழுவெளிப் பறவைகளும்

விடுமுறைக்குக் குடும்பத்துடன் தொலைதூரம் போகத் தேவையில்லை. இரும்பை அமைந்துள்ள வானூர் வட்டத்திலேயே நாம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உள்ளன.

ஒன்று, திருவக்கரை தேசிய கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், சிலிக்கா ஊறிக் கல்லாகிவிட்டன. வேரும் கிளையும் இல்லை. ஆண்டு வளையங்கள் மட்டும் அப்படியே தெரிகின்றன.

மற்றொன்று, மரக்காணம் வரை பரந்த கழுவெளி. கடல்நீரும் நன்னீரும் கலக்கும் இச்சதுப்பு நிலம், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைக் காணலாம்.

கல்மரத் துண்டை எடுத்துவரப் பிள்ளைகள் ஆசைப்படலாம், அனுமதிக்க வேண்டாம். ஆளுக்கொன்று எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் மிஞ்சாது. இவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.