அங்காடிக்கு வழி கேட்ட நபித்தோழர்



ஹிஜ்ரத் என்றவுடன் நம் உள்ளம் தவ்ர் குகைக்கும் குபாவுக்கும் சென்றுவிடுகிறது. மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்கள் மறுநாள் எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மக்காவாசிகள் வணிகர்கள், மதீனாவாசிகளோ பேரீச்சந்தோட்டக்காரர்கள். அன்ஸாரிகள் தோட்டங்களில் பங்கு தர முன்வந்தார்கள். உழைப்பை முஹாஜிர்கள் தர, விளைச்சலை இரு சாராரும் பகிர்ந்துகொள்வது என முடிவாயிற்று. பலர் அவ்வழியே சென்றனர். ஒருவர் மட்டும் வேறொரு வழி கேட்டார்.

அவர்தாம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக இணைத்து வைத்தார்கள். ஸஅது (ரலி) அன்ஸாரிகளில் பெருஞ்செல்வர். தம் செல்வத்தில் சரிபாதியைத் தருவதாகவும், தம் இரு மனைவியரில் ஒருவரை மணவிலக்குச் செய்து மணமுடித்துத் தருவதாகவும் கூறினார்கள். அந்தக் கொடையுள்ளத்திற்கு ஈடு சொல்ல நம்மிடம் எதுவுமில்லை. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அவருக்கு பரகத் வேண்டி துஆ செய்துவிட்டு, வியாபாரம் நடைபெறும் சந்தை எங்குள்ளது என்று மட்டும் கேட்டார்கள்.

காட்டப்பட்டது பனூ கைனுகா சந்தை. யூதக் குலத்தாரின் சந்தை. இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஊர் புதிது, சந்தை பிறருடையது, வாங்குவோரும் விற்போரும் நேற்றுவரை முகமறியாதவர்கள். அத்தகைய இடத்தில் அவர்கள் கையிலெடுத்த சரக்கு பட்டோ வாசனைத் திரவியமோ அன்று. அகித் எனப்படும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யுமே. அன்றாடம் எல்லா வீட்டுக்கும் வேண்டியவை; கொஞ்ச முதலில் தொடங்கத் தக்கவை. நாள்தோறும் காலையில் சென்றார்கள். சில காலத்தில் ஆடையில் மஞ்சள் நிற நறுமணச் சாயலுடன் அண்ணலார் முன் வந்தபோது, பேரீச்சங்கொட்டை எடையளவு பொன்னை மஹராகக் கொடுத்து அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்திருந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

நம் மேடைகளில் இச்சம்பவம் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். பிறரிடம் கையேந்தாத பண்புக்கு இது சான்று என்பதும் சரியே. ஆயினும் அந்த வணிகம் எவ்வாறு வளர்ந்தது, வாடிக்கையாளரை அவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதில்தான் கடை வைத்திருக்கும் நமக்குப் பாடம் இருக்கிறது.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். செல்வத்தின் காரணம் வினவப்பட்டபோது அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் மூன்றைச் சொன்னார்களாம்: எவ்வளவு சிறிய இலாபத்தையும் தட்டியதில்லை, ஒருவர் கால்நடை கேட்டு வந்தால் விற்பனையைத் தள்ளிப் போட்டதில்லை, கடனுக்கு விற்றதில்லை. தொடர்ந்து, ஆயிரம் ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்று, அவற்றைக் கட்டும் கயிறுகளை மட்டும் ஒவ்வொன்றும் ஒரு திர்ஹம் வீதம் விற்றதாகவும் சொல்லப்படுகிறது. கயிற்றில் ஆயிரம் திர்ஹம். அன்றைய தீவனச் செலவு மிஞ்சியதில் இன்னோர் ஆயிரம். சொல்லப்படுகிறது என்ற அளவிலேயே இமாம் அவர்களும் இதைத் தருகிறார்கள். எண்ணிக்கையைப் பற்றி நாம் வழக்காட வேண்டியதில்லை. கணக்கின் நுட்பத்தைப் பாருங்கள். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவனின் ஒட்டகம் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தின்கிறது. உடனே விற்றவருக்கோ முதல் அன்றே கைக்குத் திரும்புகிறது. வாங்கியவரும் மனநிறைவுடன் மறுமுறை அவரையே தேடி வருவார்.

கடனுக்கு விற்காமை அவர்களின் சொந்த வணிக முறை. அதை மார்க்கச் சட்டமாக எவரும் எண்ணிவிட வேண்டாம். அண்ணலார் வஃபாத்தானபோது அவர்களின் போர்க்கவசமே முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கடன் நோட்டின்றி நம் மளிகைக் கடைகள் ஒரு மாதம்கூட நடவாது என்பதையும் நாம் அறிவோம்.

இனி, மேடைகளில் அரிதாகவே கேட்கும் பகுதிக்கு வருவோம். மக்காவை விட்டு வந்தவர்களில் பலர் பொருளை அங்கேயே இழந்தனர். ஸுஹைப் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் கொடுத்துவிட்டே வெளியேற முடிந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ குறைஷித் தலைவன் உமய்யா இப்னு கலஃபுடன் எழுத்து மூலம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மக்காவில் இவர்களுடையதை அவன் காக்க வேண்டும். மதீனாவில் அவனுடையதை இவர்கள் காக்க வேண்டும். ஷாம் செல்லும் வழியில் மதீனாவில் தங்கிச் செல்பவன் உமய்யா. ஆகவே அவனுக்கும் இது தேவைப்பட்டது. பத்திரத்தில் அப்துர் ரஹ்மான் என்று எழுதியபோது, ரஹ்மானைத் தான் அறியேன், பழைய பெயரையே எழுது என்றான் அவன். அப்து அம்ரு என்றே எழுதினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் வகாலத் எனும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் நீதிமன்றங்களில் வழங்கும் வக்காலத்து என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே.

கி.பி. 624இல் பத்ருப் போர் மூண்டது. அந்த உமய்யா எதிரணியில் நின்றான். மக்காவில் பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்தவனும் அவனே. போர் ஓய்ந்து மக்கள் உறங்கிய நேரத்தில், அவனைக் காப்பாற்ற அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் மலைப்பக்கம் சென்றார்கள். பிலால் (ரலி) கண்டுகொண்டார்கள். உமய்யா தப்பினால் தமக்கு ஈடேற்றமில்லை என்று அன்ஸாரிகளிடம் முறையிட, அவர்கள் துரத்தி வந்தனர்.

வாசகர்களே! பிலால் (ரலி) அவர்களின் கோபத்தை நம்மில் யார் குறை கூற முடியும்? அதே வேளையில், கையெழுத்திட்டவரின் நிலையையும் எண்ணுங்கள். சரக்கும் இலாபமும் அந்த இரவில் எவருடைய நினைவிலும் இருந்திருக்காது. எதிரியோடு எழுதிய எழுத்தும் எழுத்துதான் என்று அவர்கள் கருதியதாகவே தோன்றுகிறது.

துரத்தியவர்களைத் தாமதப்படுத்த உமய்யாவின் மகனைப் பின்னால் விட்டார்கள். அவனைக் கொன்றுவிட்டு அவர்கள் மீண்டும் தொடர்ந்தனர். உமய்யாவோ உடல் பருத்தவன், ஓட முடியவில்லை. மண்டியிடச் சொல்லி, அவன்மீது தம் உடலையே போர்வையாகப் போட்டுக் கொண்டார்கள். வாள்கள் அவர்களுக்குக் கீழாகப் பாய்ந்து அவனைக் கொன்றன. அவற்றுள் ஒன்று அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் பாதத்திலும் பட்டது. பாதத்தின் மேற்புறத்தில் இருந்த அந்தத் தழும்பைத் தம் தந்தை தங்களுக்குக் காட்டுவது வழக்கம் என்று அவர்களின் மகனார் இப்ராஹீம் அறிவிக்கிறார்கள்.